தோளில் இருந்த மரம்

— ஏம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. தோள்ல தைச்சிருக்கிற துணி பேட்ஜைப் பாக்கணும்... ச்சே! உனக்கும் இந்தப் புது எழவுதானா?

— ப்ராம்லெட் கவுண்டியில இப்ப எல்லாருக்கும் இதுதான் சார்.

— இதெல்லாம் ஒரு பேட்ஜா? ஒரு ஆறு, ஒரு பாலம். ஜாம் பாட்டில்ல ஒட்டுற லேபிள் இதைவிட லட்சணமா இருக்கும். ஓட்டு வாங்கி வந்திருக்காரே உங்க புது ஷெரிஃப், அவரைக் கூப்பிடு. டெல்மர் ஸ்டப்ஸ் வந்திருக்கேன்னு சொல்லு, அது போதும். கடுதாசி மேல கடுதாசி போட்டாச்சு, ஒரு பதிலைக் காணோம்.

— வந்துது சார். காப்பி மிஷின் ஆடிட்டிருந்துச்சு. மடிச்சு அடியில வெச்சோம். இப்ப ஆடல.

— கொழுப்பு! கேட்டுக்க. இந்த மாநிலத்துல இருக்கிற அத்தனை கவுண்டி ஷெரிஃப் பேட்ஜும் என்கிட்ட இருக்கு. உங்க பழைய ஓக் மரத்து பேட்ஜ் ஒண்ணுதான் பாக்கி. சனிக்கிழமை கண்காட்சி. வரிசை நடுவுல ஓட்டையோட போய் நின்னா, என்னோட போட்டி போட்டு பேட்ஜ் சேக்கிற அந்த ரஸ்ஸல் பய பல்லைக் காட்டுவான்.

— காட்டட்டுமே.

— உனக்கென்ன தெரியும்? அந்த மரம் சரித்திரம்மா! கோர்ட்டு கட்டுறதுக்கு முன்னாடி ஜட்ஜு அதுக்கடியிலதான் நாற்காலி போட்டு உக்காருவாரு. சொந்த ஊர்க் கதைகூடத் தெரியாம யூனிஃபார்மை மாட்டிட்டு வந்துடறீங்க.

— கோர்ட்டு கட்டினப்புறம் அந்த மரம் எதுக்கு உதவுச்சாம்?

— அதுவும் சரித்திரந்தான். ஆமஸ் டில்லார்ட்னு உங்க கறுப்பு ஆளுங்கள்ல ஒருத்தன், கோவேறு கழுதை திருடினவன். ஊரே திரண்டு வந்து, ஜெயில்லருந்து இழுத்துட்டுப் போய் அதுல தொங்க விட்டுருச்சு. பேட்ஜுக்குக் கீழ வைக்கிற அட்டையில அதையும் எழுதி வெச்சிருக்கேன். பாக்க வர்றவனுக்கு சுவாரசியமா இருக்கணும்ல?

— அந்தக் கழுதை மறுநாள் தானே நடந்து லாயத்துக்கு வந்துருச்சே, அதை எழுதலையா?

— அப்படியா? அது எனக்கு... சரி விடு, அட்டையில இடமில்ல. ஸ்டோர் ரூம்ல பழைய பேட்ஜ் எங்கயாவது கிடக்கும், தேடிக் குடு.

— கிடந்துச்சு. பெட்டி பெட்டியா. பின்னால பீப்பாயில போட்டு நானே கொளுத்தினேன்.

— கொளுத்தினியா! அய்யோ, அய்யோ! எந்த மடச் சாம்பிராணி உத்தரவு போட்டான்?

— பழைய ஷெரிஃபுக்குக் கீழ டெபுடியா இருந்த காலம் பூரா அந்த மரத்தை இந்தக் கையில சுமந்துட்டு அலைஞ்சேன் சார். அதை எறக்கி வைக்கத்தான் எலெக்‌ஷன்ல நின்னேன்.

— எலெக்‌ஷன்லயா? நீ எதுக்கு எலெக்‌ஷன்ல...

— உள்ள வந்ததுலருந்து என் தோளையே பாத்துட்டிருக்கீங்க. கொஞ்சம் கண்ணை எறக்குங்க. நெஞ்சுல, அந்த நட்சத்திரத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படிங்க.

— ஷெரிஃப்... ரோவீனா... டில்லார்ட்.