பிறகு நினைவூட்டு

ஒரே சமயத்தில் மூன்று புத்தகம் படிப்பது என் பழக்கம். ஒன்று அலுத்தால் இன்னொன்று. என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்து இந்த மேசையில் வைத்திருப்பவை நான் கடைசியாகப் படித்தவை. மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இவற்றில் எதற்கு இவ்வளவு பென்சில் கோடு என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் படிப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேலே இருப்பது விஞ்ஞானக் கதை. எங்கோ தொலைவிலுள்ள கிரகத்துக்குப் போகும் கப்பல். போய்ச் சேர வெகு காலம் ஆகும் என்பதால் ஊழியர்களைத் தூங்க வைத்து, முறை போட்டு எழுப்புகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து விழித்திருந்தால் கேள்வி கேட்கிறார்கள், ஒருவர் மட்டும் விழித்திருந்தால் வேலை பார்க்கிறார் என்பதைக் கப்பல் தலைவர் கண்டுகொள்கிறார். நடுவில் இருப்பது கணினி நிரல் எழுதுவதைப் பற்றியது. என் பிழைப்பு அதுதான். ஒரு நிரலின் பகுதிகளுக்கு ஒன்றைப் பற்றி ஒன்றுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது, ஒன்று பழுதானாலும் மற்றது தன் பாட்டுக்கு ஓடும் என்கிறது. அடியில் இருப்பது ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் சங்கம் கட்டிய வரலாறு. அதன் அட்டை கிழிந்ததற்கு நான் பொறுப்பில்லை. அது என் மச்சினனுடையது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. கிடங்கில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். உறைய வைத்த உணவுப் பொருள்களைச் சேமித்து வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் கிடங்கு. நான் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஷிப்ட் போடும் நிரலைப் பார்த்துக்கொண்டேன். அவன் கீழே குளிரறையில் பெட்டி தூக்கினான். என்னைப் போலவே புத்தகப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். நான் விஞ்ஞானக் கதை கொடுப்பேன், அவன் தொழிலாளர் வரலாறு கொடுப்பான். எங்கள் இருவருக்கும் நடுவில் என் மனைவி குழம்பை நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு, இந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச நாதியில்லை என்பாள்.

அலுவலகத்தில் எனக்கு 'லைப்ரரி' என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் அல்ல.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கீழே ஆட்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், கையுறை கிழிந்தால் மாற்றித் தருவதில்லை, குளிரில் அதிக நேரம் நிற்க வைக்கிறார்கள் என்று முணுமுணுப்பு, சங்கம் அது இது என்று போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமில்லை, எங்கே பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்றேன். துறைமுகத்தில் எல்லாம் தொடங்கியது தண்ணீர்க் குழாயடியில். வரிசையில் நின்றார்கள், பேசினார்கள், வரலாறு ஆனார்கள். குழாய் ஆளுக்கொன்று இருந்திருந்தால் அந்தப் புத்தகமே இருந்திருக்காது.

மேனேஜர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவரை யாரும் எனக்காக நாற்காலியை இழுத்ததில்லை.

நிரலை ஆசையாகத்தான் எழுதினேன். ஒவ்வொருவர் கையிலும் பெட்டியின் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் உண்டு; அது எங்கே நிற்கிறது என்பது என் திரையில் தெரியும். இரண்டு ஸ்கேனர்கள் வேலையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அந்த இருவருக்கும் அடுத்த முறை தேநீர் இடைவேளை வேறு வேறு நேரத்தில் வரும். மறுபடியும் நின்றால் ஷிப்ட் மாறும். யாரையும் திட்டவில்லை, யாரையும் வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஒரு மாதத்துக்குள் கிடங்கு நூலகம் மாதிரி அமைதியாகிவிட்டது.

மீதி இருந்தது குளிரறைதான். அங்கே இரண்டிரண்டு பேராக வேலை செய்வது வழக்கம். ஒருவர் உள்ளே போவார், ஒருவர் கதவருகே நிற்பார். நிற்பவருக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் மச்சினனுக்குக் கதவுக்காரன் அவனுடைய சிநேகிதன், நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். கதவுக்காரர்களை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தேன். உள்ளே போனவரின் ஸ்கேனர் வெகு நேரம் அசையாமல் இருந்தால் திரையில் செய்தி வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'ஆள் அனுப்பு', 'பிறகு நினைவூட்டு'. பயன்படுத்துகிறவருக்கு எப்போதும் ஒரு தேர்வு இருக்க வேண்டும் என்று நடுப் புத்தகம் சொல்கிறது. சோதனைக் காலம் என்பதால் செய்தி என் திரைக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தேன்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சரியாகச் சாப்பிடவில்லை.

"யாரோ எங்களைப் பிரிச்சுப் போடுறாங்க அத்தான். நானும் நெட்டையனும் சேர்ந்து ஒரு டீ குடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

ஷிப்ட் என்றால் அப்படித்தான் மாறி மாறி வரும் என்றேன்.

"இது தானா வர்றதில்ல. அந்தக் குழாயடி அத்தியாயத்தை அப்படியே தலைகீழாப் போட்ட மாதிரி இருக்கு. யாரோ நல்லாப் படிச்சவன் உக்காந்து எழுதியிருக்கான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் வேலையை அதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டதில்லை. உங்கள் மாடியில் யாராவதாக இருக்குமோ, விசாரித்துப் பாருங்களேன் என்றாள் மனைவி. விசாரிக்கிறேன் என்றேன்.

பிறகு அவன் திட்டத்தைச் சொன்னான். புதன்கிழமை மூன்று மணிக்கு, மாலை லாரிகள் கிளம்பும் முன், எல்லாரும் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டுச் சரக்கு ஏற்றும் மேடைக்கு வந்துவிடுவார்கள். அவன் அங்கே இருக்கும் மணியை அடிப்பான், அதுதான் அடையாளம். கேட்கப்போவது இரண்டே விஷயம். நல்ல கையுறை வேண்டும், குளிரறைக் கதவில் ஆள் வேண்டும்.

"உள்பக்கப் பிடி சிக்கிக்குது அத்தான். வெளியில ஆள் நின்னா தட்டினாத் திறப்பான். இப்ப யாரும் இல்ல. போன வாரம் உதைச்சு உதைச்சுத்தான் வெளிய வந்தேன்."

அவன் அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஜாக்கிரதையா இருடா என்றாள். போகும்போது அவன் என்னிடம், அந்தப் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள், பிரிந்தவர்கள் எப்படி மறுபடி சேர்ந்தார்கள் என்று அதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேனேஜரிடம் நான் எதையும் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுக்கும் ஆள் இல்லை நான். குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. புதன்கிழமைப் பட்டியலில் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். மூன்று மணிக்குச் சற்று முன்னால் அவனுக்குக் குளிரறையில், கடைசி அடுக்கில், ஒரு பெரிய சரக்கு. உள்ளே போய் எடுத்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிடும். மணி அடிக்க ஆள் இருக்காது. பிடி சிக்கினால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அதை நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தெரிந்த தகவலைச் சேர்க்காமல் விடுவது நல்ல நிரலுக்கு அழகில்லை.

அவன் போனான். எதிர்பார்த்தபடி முதல் செய்தி வந்தது. 'ஆள் அனுப்பு' என்பதை அழுத்தினால் அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாருடைய ஸ்கேனரும் ஒலிக்கும். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஒரே இடத்துக்கு ஓடி வருவார்கள். மூன்று மணிக்கு அவர்கள் செய்ய நினைத்ததும் அதுதான். அவனுக்காக நானே மணியை அடித்துக் கொடுத்தது போல ஆகிவிடும். மற்றதை அழுத்தினேன்.

செய்திக்கும் செய்திக்கும் நடுவில் ஒரு பக்கம் படிக்க முடிந்தது. அவன் சொன்னானே என்று கடைசி அத்தியாயத்தைத்தான் எடுத்தேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் பளுதூக்கி இயந்திரத்துக்கு அடியில் சிக்கி இறந்துபோகிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்கள்தான் பிறகு கலையவே இல்லை. அந்த இடத்தில் ஆசிரியர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன், பாருங்கள், அதுவும் பென்சில்தான்.

பிறகு செய்தி வருவது நின்றுவிட்டது. நிரலில் ஏதாவது பிழையோ என்று சரிபார்த்தேன். பிழை இல்லை. குளிரில் ஸ்கேனரின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

மாலை லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. மேனேஜர் மாடிக்கு வந்து என் தோளில் தட்டினார். ஷிப்ட் முடிந்து மச்சினனைத் தேடிப் போன நெட்டையன்தான் கதவைத் திறந்தான். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றானாம், ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்களாம். கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். நிரலின்படி அவர்களில் எந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்திருக்கக் கூடாது.

என் திரைக்குச் செய்தி வந்தது தெரிந்த பிறகு என் மனைவி என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு பொத்தானை அழுத்த முடியலையா உங்களால?"

அழுத்தினேன் என்றேன். அது உண்மை. பல தடவை அழுத்தினேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நெட்டையன் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கிடங்கு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் வந்து போகிறார்களாம்.

கதவு சிக்கும் என்று தெரிந்தே அவனை உள்ளே அனுப்பினேன். வெளியே வர முடியவில்லை என்று தெரிந்தும் திறக்கச் சொல்லவில்லை. கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்று தொடங்கி இன்றுவரை கிடங்கில் ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை, எல்லாரும் சேர்ந்து கதவருகே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சற்றுமுன் உங்கள் காவலர் சொன்னார். அதை வேலைநிறுத்தம் என்று குறிப்பது சரியில்லை. அது துக்கம். இரண்டும் வேறு வேறு. புதன்கிழமை மூன்று மணிக்கு மணி அடிக்கவில்லை. நிரல் தோற்றுவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.