ஆளுக்கு இருபத்தொரு கிலோ

டென்ட்டை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடித்தால் அந்த மடிப்பில்தான் முதலில் ஒழுகும். நிறையப் பேருக்கு இது தெரியாது. என் தங்கை வீட்டுக்காரருக்கும் தெரியாது.

எட்டு வருஷமாக நாங்கள் இருவரும் வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு பைக்கில் மலைக்குப் போகிறோம். வண்டி ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர். மூட்டை கட்டுவது என் பொறுப்பு. கிடங்கில் இரவு ஷிப்டில் பேக்கிங் செய்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டே கட்டுவேன். பொதுச் சாமான்களை இரண்டு வண்டிக்கும் பிரித்துப் போடுவோம். ஒரு வண்டி பள்ளத்தில் போனாலும் இன்னொன்றில் இருப்பதை வைத்து ஒரு ராத்திரியைத் தள்ளிவிட வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் பிரித்தேன்.

இந்த முறை கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். அவர் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன மச்சான், கடை போட்டுட்டீங்களா? போணி ஆச்சா?"

"உங்க ஜட்டியை மட்டும் யாரும் சீண்டல மாப்பிள்ளை" என்றேன்.

சிரித்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் கடைசி ட்ரிப்பா இருக்கும் மச்சான். எனக்கு வெளியூருக்கு மாத்தல் வந்துடுச்சு. வீட்டை வித்துடலாம்னு இருக்கோம். நீங்களும் ஒரு ரூம் பாத்துக்குங்க."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"விக்கலாம்னு சொன்னதே அவதான்."

அந்த வீட்டு மாடி அறையில் நான் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் தங்கை சாப்பாடு மூடி வைத்திருப்பாள். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. பகலில் தூங்குகிறவனுக்குப் புது அறை தேடுவது எவ்வளவு தொல்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர் உள்ளே போனதும், பிரித்து வைத்ததைக் கலைத்து மறுபடி பிரித்தேன். டென்ட் துணி அவர் வண்டிப் பெட்டிக்கு, அதன் கம்பிகள் எனக்கு. அடுப்பு அவருக்கு, கேஸ் எனக்கு. டார்ச் அவருக்கு, பேட்டரி எனக்கு. பஞ்சர் ஒட்டுகிற சாமான் அவருக்கு, காற்றடிக்கிற பம்பு எனக்கு. ஸ்லீப்பிங் பேக் இரண்டும் லேசானவை, இடத்தைத்தான் அடைக்கும். அதனால் இரண்டையும் என் வண்டியிலேயே கட்டினேன். தராசில் வைத்துப் பார்த்தேன். ஆளுக்கு இருபத்தொரு கிலோ. யாரும் குறை சொல்ல முடியாது.

கிளம்பும்போது தங்கை வாசலுக்கு வந்தாள். "அவருக்குக் குளிர் தாங்காதுண்ணே. போத்திக்க எல்லாம் எடுத்து வச்சியா?"

"எல்லாம் எடுத்தாச்சு" என்றேன். அது பொய்யில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கணவாய் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் பனி. கடைசியாகப் பார்த்த வீடு முப்பது கிலோமீட்டர் கீழே. போனுக்கு டவர் கிடைக்காத இடம். டென்ட் போட இடம் பார்க்க அவர் பாறைக்கு அந்தப் பக்கம் போனார். நான் அவர் வண்டியின் பின் டயர் காற்றைத் திறந்துவிட்டேன். முன் டயரையும்தான். பிறகு அவரைக் கூப்பிட்டு, கீழே ஓடையில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்றேன்.

"சீக்கிரம் வந்துடுங்க மச்சான். பசி உயிர் போகுது" என்றார்.

அவர் பெட்டியிலிருந்து ஒரு சாமானைக்கூட நான் தொடவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக் இரண்டுமே நான் கைக்காசு போட்டு வாங்கியவை.

இரண்டு வளைவு இறங்கி, காற்று படாத ஒரு பாறை இடுக்கில் வண்டியை நிறுத்தினேன். இருட்டியதும் மேலே ஹாரன் கேட்டது. முதலில் விட்டு விட்டு, நிதானமாக. நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்திருப்பார். எனக்கு வழி தெரியட்டும் என்றுதான் அடித்திருப்பார். வெகுநேரம் கழித்து, விடாமல் அடித்தார். போய்ப் பார்க்கலாமா என்று எனக்கும் ஒருமுறை தோன்றியது. ஆனால் ஒரு பையை இன்னொன்றுக்குள் நுழைத்து அப்போதுதான் கதகதப்பாகப் படுத்திருந்தேன். எழுந்தால் அந்தச் சூடு போய்விடும். சத்தம் மெலிந்து மெலிந்து, நின்றுபோனது.

விடிந்த பிறகு மேலே போனேன். ஹாரன் மேல் கை வைத்தபடியே இருந்தார். விரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இனி மாத்தலும் இல்லை, வீட்டை விற்க வேண்டியதும் இல்லை. தங்கை என்னை இன்னும் பார்க்க வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். துக்க வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள்.