முன்வாசல் மரியாதை

குப்பையை மட்டும் வீட்டில் தேங்கவிடக் கூடாது, தம்பி. பிரேசிலிலேயே இந்த ரெசிஃபே வெக்கையில்தான் மீன் தலை அரை நாளில் நாறிவிடும். அதனால்தான் எங்கள் கட்டிடத்தில் யாராக இருந்தாலும் குப்பையைப் பின் லிஃப்ட்டில் இறக்க வேண்டும். வேலைக்காரர்கள் ஏறி இறங்குவதும் அதில்தான். முன் லிஃப்ட் எங்களுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஊர் வழக்கம்.

லிண்டால்வா என்னிடம் வேலைக்கு வந்தபோது சின்னப் பெண். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஜன்னல் கிடையாது, அதனால் கொசுவும் கிடையாது. தட்டும் தம்ளரும் தனியாக வாங்கிக் கொடுத்தேன், நீலப் பூ போட்டது.

கெடுத்தது மூன்றாம் மாடி தாயானே என்பவள்தான். கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். சனிக்கிழமைகளில் கீழ்க்கூடத்தில் நாற்காலியை வட்டமாகப் போட்டு, தோல் நிறத்தைப் பற்றியும் பிறப்போடு வந்த சலுகைகளைப் பற்றியும் எல்லோரும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றாள். அவள் நாய் முன் லிஃப்ட்டில் போகும், அவள் வீட்டு வேலைக்காரி பின் லிஃப்ட்டில் போவாள். அது கிடக்கட்டும். அடுத்த வீட்டுக் கதை என்றால் எனக்குக் காது நீளும், அதனால் போனேன். லிண்டால்வாவையும் கூட்டிப்போனேன். கொய்யாச் சுருள் கேக் செய்ததே அவள்தான்.

என் முறை வந்தது. "எங்க வீட்டுல நிறம் கிறம் எதுவும் பார்க்கிறதில்ல. இவ என் மக மாதிரி. நீயே சொல்லுடி," என்றேன்.

அவள் கேக் தட்டைக் கீழே வைத்தாள். "மகளுக்கு யாரும்மா தனித் தட்டு வெப்பாங்க?"

"மாட்டிக்கிட்டீங்களே, தோனா இவானிசே," என்று ஐந்தாம் மாடி ஓஸ்மார் சிரித்தான். அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

"அம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது," என்றாள் லிண்டால்வா. "அவங்களைப் பெத்தவங்களே பின் லிஃப்ட்டுலதான் வந்துட்டுப் போவாங்க. என்னைவிடக் கறுப்பு. உங்ககிட்டல்லாம் துணி துவைக்க வர்ற பொம்பளைன்னு சொன்னாங்களே, அவங்கதான். செத்தப்புறமாவது படத்தை அலமாரியிலேர்ந்து எடுத்து ஹால்ல மாட்டலாம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

தாயானே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுங்க ஆன்ட்டி, பாரம் குறையும்," என்றாள்.

காய்ச்சலில் கிடந்தபோது, கால் பிடித்துவிட்டவளிடம் நான் சொன்ன ரகசியம் அது. கட்டிடத்தின் ரகசியமெல்லாம் என் வாயில் இருந்தது. என்னுடையது அவள் ஒருத்தியிடம் இருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் முன் லிஃப்ட்டில் ஏறினால் பேச்சு நின்றுபோகும். லிண்டால்வாவும் அதில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிறு, அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், பின் லிஃப்ட் பழுதானது. பழைய காலத்து இழுகதவு. பெட்டி அடியிலேயே நிற்கும், மேலே கதவு மட்டும் திறந்துகொள்ளும். கட்டிடப் பொறுப்பாளர் மாடிக்கு மாடி 'திறக்காதீர்கள்' என்று பலகை மாட்டினார். எங்கள் மாடிப் பலகையைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். நடையில் பல்பு எரியவில்லை. அது வெகுநாளாகவே எரியவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள் காலை வந்ததும் அவள் இரண்டு கையிலும் குப்பைப் பையைக் கொடுத்தேன்.

"இதுக்கு மட்டும் பின் லிஃப்ட்டுதான், இல்லம்மா?" என்று சிரித்தாள்.

"எல்லாருக்கும் அதானேடி," என்றேன்.

கை நிறைய சுமை இருந்தால் அவள் எப்படிப் போவாள் என்று எனக்குத் தெரியும். முழங்கையால் கதவை இழுத்து, உடம்பால் அதைத் தாங்கிக்கொண்டு, பின்னோக்கிக் காலை வைப்பாள். அப்படியே வைத்தாள். நான் உள்ளே வந்து காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தீயணைப்புக்காரர்கள் அவள் உடலை வண்டி நிறுத்துமிடம் வழியாகப் பின்பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்கள். நான்தான் தடுத்தேன். சலவைக்கல் கூடத்தின் வழியே, முன்வாசலால் கொண்டுபோகச் சொன்னேன். கட்டிடமே நின்று பார்த்தது. நிறம் பார்க்கிறவள் அப்படிச் செய்வாளா? என்னைப் பெற்றவளுக்குக்கூட அந்த வாசலை நான் திறந்துவிட்டதில்லை, தம்பி.