நாகப்பனுக்குக் கோவம் போன கதை

மதி: இப்டி திரும்பி உக்காரு. மொதல்லேந்து சொல்லு. நாளிக்கு விகாரைல ஒருத்தரும் கொட்டாவி உடக் கூடாது.

நாகப்பன்: "எல்லாருக்கும் நமோ புத்தாய. என் பேரு நாகப்பன். ஊடு திருமுல்லைவாயில். அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுறேன். ஒரு காலத்துல நான் பெரிய கோவக்காரன்..."

மதி: இன்னாய்யா ஒரு காலத்துல? ராஜா காலம் மாரி கீது. போன வருசம் வரைக்கும்னு சொல்லு.

நாகப்பன்: சரி, போன வருசம் வரைக்கும். போதுமா?

மதி: போதாது. இன்னா இன்னா பண்ணேன்னு சொல்லணும். எதிர் ஊட்டு பையன் பைக்குல டப்பு டப்புன்னு சத்தம் உட்டான்னு சாவியைப் புடுங்கினு வந்து நம்ப அரிசி டப்பால ஒளிச்சியே, அத்த சொல்லு.

நாகப்பன்: அது வோணாம்மே. அவங்க அம்மா நாளிக்கு வருது.

மதி: அப்ப குக்கரைச் சொல்லு. நாலாவது விசில் அடிச்சதுக்கு சண்டை போட்டே. என்கூட இல்ல. குக்கர்கூட.

நாகப்பன்: பருப்புக்கு மூணு போதும்... அதுக்கு மேல எதுக்கு அது கத்தணும்?

மதி: இப்போ ஏழு அடிச்சாலும் சிரிச்சிகினு கீறே. டிவி கூட போடறது இல்ல. தெருவே பேசிக்குது, விகாரைக்குப் போனான், நாகப்பன் தங்கமாயிட்டான்னு.

நாகப்பன்: எல்லாம் நம்ப பிக்கு சொல்லிக் குடுத்தது. மழை வந்தா "மழை பெய்து"ன்னு சொல்லு, அதுங்கூட சண்டைக்குப் போவாதேன்னாரு. துக்கமும் அப்டித்தான். வந்துச்சா... வந்துச்சு. அவ்ளோதான்.

மதி: நல்லா கீது. அப்புறம் அந்த டீ விஷயம்...

நாகப்பன்: அதான் முக்கியம். முன்னெல்லாம் டம்ளர் காலியானப்புறம் தான் டீ குடிச்சதே தெரியும். இப்போ ஆவி வளைஞ்சி வளைஞ்சி போறது, ஏலக்கா வாசனை, மேல நிக்கிற ஏடு... எல்லாம் தெரியுது. நேத்து நீ வெங்காயம் அரிஞ்சே. அழுதுகினே அரிஞ்சே. நடுவுல மூக்கை தோள்ல தொடச்சிகினே. பாக்கவே நல்லா இருந்துச்சி.

மதி: மூக்கு தொடச்சதெல்லாம் விகாரைல சொல்ல வோணாம்.

நாகப்பன்: அங்க தான்மே சொல்லணும். தினம் நடக்குறது தான் பெரிசுன்னு...

மதி: என் மூக்கை உட்டுட்டு பெரிசாவட்டும். சரி, நான் எழுந்து இன்னா சொல்லணும்?

நாகப்பன்: "ஆமா, இவரு மாறிட்டாரு"ன்னு சாட்சி சொல்லணும். ஊட்டுல கீறவங்க சொன்னா தான் அங்க செல்லும். போன பௌர்ணமிக்கு லட்சுமணன் குடிய உட்டதுக்கு அவன் மாமியார் வந்து சொல்லுச்சே.

மதி: அது ஓன்னு அழுதுச்சி. நான் அழுவ மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

நாகப்பன்: ஒரு வெங்காயம் எத்துகினு வா.

மதி: போய்யா... ஆனா ஒண்ணு. பேசறதுக்கு முன்னாடி அஞ்சு சீலம் சொல்ல வைப்பாங்கோல்ல? பொய் சொல்ல மாட்டேன்னு அதுல ஒண்ணு கீதே.

நாகப்பன்: கீது. நாலாவது. அதுக்கு இன்னா இப்போ?

மதி: ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்... போன் வருது பாரு.

நாகப்பன்: நீயே எடு. போன் பேசுனா மனசு கலையுதுன்னு தான் உட்டுட்டேனே.

மதி: நல்லா உட்டே. நீ போய் ஜன்னலாண்ட துளசிக்குத் தண்ணி ஊத்து... அலோ. சொல்லுங்கண்ணே... வாசல்லயா கீறீங்கோ? கதவு தொறந்து தான் கீது, வாங்க.

தமிழ்வாணன்: இன்னா நாகப்பா, நாளிக்கு ரெடியா? ...நாகப்பா... இன்னாமா மதி, உன் ஊட்டுக்காரன் முதுகைக் காட்டிகினு நிக்கிறான், திரும்பக்கூட மாட்டேங்குறான்?

மதி: தண்ணி ஊத்துறாருண்ணே. தண்ணி ஊத்துறப்போ தண்ணி மட்டும் தான் ஊத்தணுமாம்.

தமிழ்வாணன்: அடேங்கப்பா. விகாரை சாவியே என்னாண்ட தான் கீது, இத்தினி வருஷமா நான் தான் தொறக்குறேன், நான் தான் பூட்டுறேன். எனுக்கு ஒரு கொசு கடிச்சா தியானம் போயிருது. இவனுக்கு எப்டிமா வந்துச்சி?

மதி: உங்களுக்கும் வரும்ணே. அவசரப்படாதீங்கோ.

தமிழ்வாணன்: அன்னிக்கே நான் கண்டுபுட்சிட்டேன். தியானம் முடிஞ்சி மணி அடிச்சிட்டோம். எல்லாரும் எழுந்து, பாயசம் வாங்கிக் குட்சி, டம்ளர் கழுவி கவுத்துட்டோம். இவன் மட்டும் கண்ணை மூடிகினு அப்டியே உக்காந்துகினு கீறான். பிக்குவே வந்து பாத்துட்டுப் போனாரு. அதான் நாளிக்கு வைகாசி பௌர்ணமி, இவனைத் தான் பேச வைக்கணும்னு புட்சிகினேன்.

மதி: நெறைய பேரு வருவாங்கோளாண்ணே?

தமிழ்வாணன்: ஆவடிலேந்து வேன் வருதும்மா. எல்லாம் ஒண்ணாம் நம்பர் கோவக்காரனுங்கோ. பொண்டாட்டிங்க சேந்து ஏத்தி அனுப்புறாங்கோ. இவன் பேசறதைக் கேட்டு திருந்தணும்னு. இவனுக்கு வெள்ளை சட்டை கீதா?

மதி: தொவச்சி காயப் போட்டு கீது.

தமிழ்வாணன்: அப்ப வரேன். அவனைக் கலைக்காதே, பாவம், தண்ணி ஊத்தட்டும். தொட்டிலேந்து வழியுது, அத்த மட்டும் பாத்துக்கோ.

மதி: இந்தா... போதும், திரும்பு.

நாகப்பன்: ஐய, இன்னாம்மே, தோளைத் தொட்டு பயமுறுத்துறே. போன்ல யாரு?

மதி: தமிழ்வாணன் அண்ணன். உள்ள வந்து பேசிட்டும் போயிட்டாரு.

நாகப்பன்: வந்தாரா... ஆங், வந்தாரு வந்தாரு. நான் தான் செடில கவனமா...

மதி: வெளிச்சத்தாண்ட வந்து உக்காரு. நாளிக்கு ஆவடிலேந்து ஒரு வேன் வருதாம். கோவத்தை எப்டி உடறதுன்னு உன்னாண்ட கத்துக்க.

நாகப்பன்: என்னாண்டயா?

மதி: உன்னாண்ட தான். அவனவன் பொண்டாட்டி நம்பி அனுப்புது. இன்னா சொல்லப் போறே?

நாகப்பன்: ...மழை பெய்துன்னு சொல்லுன்னு சொல்லுவேன்.

மதி: சொன்னா அவனுங்களுக்குக் கோவம் போயிருமா?

நாகப்பன்: டீ சூடு பண்ணட்டா?

மதி: டீ அப்புறம். போவுமா?

நாகப்பன்: ...போவாதும்மே. எனுக்கே அப்டி போவல.

மதி: பின்ன எப்டி போச்சி?

நாகப்பன்: சொன்னா கோச்சிக்கக் கூடாது.

மதி: கோவம் உன் டிபார்ட்மெண்ட்டு. நீ சொல்லு.

நாகப்பன்: ...பைக்கு சத்தம் கேக்கலம்மே. குக்கர் விசிலும் கேக்கல. எடது காது சுத்தமா அவுட்டு. வலதுல ஏதோ கொஞ்சம். பிரஸ் மிஷினாண்ட இத்தினி வருஷம் நின்னா வேற இன்னா ஆவும்? கேக்காததுக்கு எப்டி கோவப்படறது, நீயே சொல்லு. தெருவுல எல்லாரும் தியானம், தியானம்னாங்கோ... நானும் ஆமான்னுட்டேன்.

மதி: அப்ப விகாரைல தியானம் முடிஞ்சி அடிச்ச மணி?

நாகப்பன்: அதுவும் கேக்கல. கண்ணைத் தொறந்து பாத்தா ஒருத்தனும் இல்ல. பாயசமும் இல்ல.

மதி: அட கஷ்டமே... சிரிக்காதய்யா, எனுக்கும் சிரிப்பு வருது.

நாகப்பன்: மழை தான் மனசுக்கு கஷ்டமா கீது. நம்ப கூரை ஷீட்டு மேல தடதடன்னு உழுமே... இப்போ ஜன்னலைப் பாத்து தான் பெய்துன்னு தெரிஞ்சிக்கிறேன். அத்த நெனச்சா ஒரு மாரி கீது. மத்தபடி ஏத்துகினேன்.

மதி: ஏத்துகினியா, ஒளிச்சிகினியா?

நாகப்பன்: ...ரெண்டும் தான். கம்பெனில தெரிஞ்சா மிஷின்லேந்து எடுத்து வாட்ச்மேனா கேட்டாண்ட உக்கார வச்சிருவானுங்கோ.

மதி: மழை பெய்துன்னு சொல்லச் சொன்னாரே பிக்கு... கொடை எடுத்துக்காதேன்னு சொன்னாரா?

நாகப்பன்: அப்டி சொல்லல.

மதி: அப்ப நாளிக்கு?

நாகப்பன்: நெஜத்தையே சொல்லிர்றேன். "எனுக்குக் கோவம் போவல, காது தான் போச்சி. ஆனா காது போனப்புறம் தான் டீல ஏலக்கா வாசனை தெரிஞ்சிது. அது மட்டும் சத்தியமா பொய் இல்ல." அவ்ளோதான் பேச்சு. வேன்ல வந்தவனுங்க திட்டிகினே போவட்டும்.

மதி: திட்ட மாட்டானுங்கோ. உழுந்து உழுந்து சிரிப்பானுங்கோ. பாதி கோவம் அதுலயே போயிரும்.

நாகப்பன்: தமிழ்வாணன் தான் பாவம்... சரி, நீ இன்னா சாட்சி சொல்லுவே?

மதி: அத்த இப்பவே சொல்லிர்றேன். தமிழ்வாணன் அண்ணன் வாசல் தாண்டிப் போனதுலேந்து நான் சத்தமே உடல. வாயை மட்டும் தான் அசைச்சிகினு கீறேன். நீ என் ஒதட்டைப் பாத்தே ஒண்ணு உடாம பதில் சொல்றே.

நாகப்பன்: ...அடிப்பாவி. அப்ப உனுக்குத் தெரியுமா? எப்போலேந்து?

மதி: தை மாசத்துலேந்தே.

நாகப்பன்: தெரிஞ்சும் டாக்டராண்ட இஸ்துகினு போவாம இன்னாம்மே பண்ணிகினு இருந்தே?

மதி: கல்யாணம் ஆனதுலேந்து நீ டிவியைப் பாத்துகினு தான்யா என்னாண்ட பேசுவே. காது போனப்புறம் தான் என் மூஞ்சியைப் பாத்து பேசுறே. எனுக்கு அது புட்சிருந்துச்சி. டாக்டர் காதுல மிஷின் வச்சா மறுபடியும் டிவியாண்ட போயிருவியோன்னு இன்னிக்கு நாளிக்குன்னு தள்ளிகினே வந்தேன்... நாளன்னிக்கு ஆவடில காது டாக்டராண்ட போலாம், வா. மிஷின் வச்சிக்கோ, மழையைக் கேளு, குக்கர்கூட சண்டை போட்டுக்கோ. என்னாண்ட பேசறப்போ மட்டும் இப்டியே பாரு.