தலைவர் வீட்டு பிரேக் கட்டை

தலைவர்: …அப்படி இல்லடி. நகத்தால அழுத்திப் பாரு. அமுங்கணும், உடனே எழும்பணும். அதுதான் நல்ல ரப்பர்.

மனைவி: அமுங்குது.

தலைவர்: எழும்புதா?

மனைவி: எழும்புது… இந்த வீட்ல இதாவது எழும்புதே.

தலைவர்: ஆரம்பிச்சிட்டியா!

மனைவி: மெதுவாங்க. இப்பதான் கண்ணசந்தா. ராத்திரி பூரா முட்டி வலி.

தலைவர்: நீ போய் எழுப்பி வைக்காதே. உன்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. பெத்த பொண்ணுகிட்ட பேசவும் ஒரு பக்குவம் வேணும்.

மனைவி: …வேணும்தான்.

தலைவர்: இங்க பாரு. இந்த ஜோடி பளபளன்னு மின்னுது, ஆனா கல்லு. மழையில நிக்கவே நிக்காது. இது சுமார். இது இருக்கே… இரும்புக் கூட்டுக்குள்ள ரப்பர். தேஞ்சா ரப்பரை மட்டும் உருவி மாத்திக்கலாம். ரிம்முக்குத் தகுந்த வளைவு. சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் வீட்டு சைக்கிள்னா…

மனைவி: குழுவுல மொத்தம் எத்தனை பேருங்க?

தலைவர்: நாலு பேர்.

மனைவி: தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர்… சரியாப் போச்சு.

தலைவர்: உறுப்பினர் சேர்க்கை நடந்துக்கிட்டிருக்கு!

மனைவி: நடக்கட்டும். இதை மாட்டி யாரு ஓட்டப் போறா?

தலைவர்: யாரா? என் பொண்ணு.

மனைவி: முட்டி இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க? பெடல் மிதிக்க முட்டி மடங்கணும்ங்க.

தலைவர்: டாக்டர் ஆயிரம் சொல்லுவார்… அவ எழுந்து வந்து பாக்கும்போது வண்டி தயாரா நிக்கணும். அப்பா ஒரு குறையும் வைக்கலைன்னு அவளுக்குத் தெரியணும். குத்தமெல்லாம் அந்தப் பழைய கட்டை மேலதான். இறக்கத்துல புள்ள ரெண்டு பிரேக்கையும் பிடிச்சிருக்கா, வண்டி நிக்கலை. நேரே சுவத்துல… ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கிழிக்கப் போறேன். ‘போலி உதிரிபாகங்கள், நம் பிள்ளைகளின் எமன்!’ தலைப்பு எப்படி?

மனைவி: நல்லாருக்கு. கை தட்டுவாங்க. மூணு பேரும்.

தலைவர்: நக்கலு! அந்தக் கடைக்காரனைச் சும்மா விடப் போறதில்ல.

மனைவி: அவன் பாவம், விடுங்க. பழைய கட்டை எங்க?

தலைவர்: அது… குப்பையில போட்டுட்டேன்.

மனைவி: தலைவரே, சாட்சியைத் தூக்கி யாராவது குப்பையில போடுவாங்களா?

தலைவர்: நாத்தம் அடிச்சுதுடி.

மனைவி: என்ன நாத்தம்?

தலைவர்: ரப்பர் நாத்தம்தான்… வேறென்ன?

மனைவி: என் தையல் மெஷின் எண்ணெய் நாத்தம். உங்க குழு சைக்கிள் ஊர்வலத்தன்னிக்கு அவ சைக்கிளை வாங்கிக்கிட்டு முன்னால போனீங்க. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிரீச்சு கிரீச்சுன்னுச்சு. செயலாளர் சிரிச்சுட்டான்னு வீட்டுக்கு வந்து குதி குதின்னு குதிச்சீங்க. மறுநாள் என் எண்ணெய் டப்பா ஜன்னல்ல கிடந்துச்சு.

தலைவர்: சத்தம் வந்தா எண்ணெய் விடுறதுதானே… கதவுக்கு விடலையா? மெஷினுக்கு நீ விடலையா?

மனைவி: கதவு இறக்கத்துல ஓடாதுங்க.

தலைவர்: சத்தம் நின்னுச்சுடி… சுத்தமா நின்னுச்சு. தெருவுல ஒரு சுத்து மெதுவா ஓட்டிக்கூடப் பாத்தேன்… அவகிட்ட சொல்லிட்டியா?

மனைவி: அவளே கேட்டா. விழுந்து கிடந்தப்ப ரிம்முல எண்ணெய் வழிஞ்சதைப் பாத்திருக்கா. யாரும்மா விட்டதுன்னு கேட்டா.

தலைவர்: ஐயோ… நீ என்ன…

மனைவி: ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன்.

தலைவர்: பொய்! தெரிஞ்சிருந்தா என் மூஞ்சியில முழிப்பாளா? நான் ஊட்டினாத்தான் ஒரு வாய் சாப்பிடுறா. என் தோளைப் பிடிச்சாத்தான் எந்திரிக்கிறா. உன்கிட்டதான் அன்னையிலேருந்து ஒரு வார்த்தை இல்ல. நீ தண்ணி நீட்டினா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறா…

மனைவி: ஆமா.

தலைவர்: அப்ப… அவகிட்ட என்னதான் சொன்னே?

மனைவி: நான் விட்டேன்னு சொன்னேன். எண்ணெய் என்னோடதுதானே, நம்பிட்டா. ரெண்டு பேரையும் வெறுத்துட்டா அப்புறம் யாரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா?… போங்க, முழிச்சிட்டா. உங்களைத்தான் கூப்பிடுறா.