எனக்குத் தோட்டம்

செம்பூரில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த தம்பதிக்கு அறுபது வயதிருக்கும். கர்ஜத் பக்கம் ஓர் இயற்கை வாழ்வுக் கிராமத்தில் இரண்டு வாரம் தங்கித் தொண்டு செய்வதற்கான படிவத்தைக் கணவர் மொபைலில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“என்ன வேலை தெரியும்னு கேட்டிருக்கா. தோட்டம், கட்டட வேலை, சமையல்.”

“எனக்குத் தோட்டம். சமைக்கத் தெரியாதுன்னு போடுங்கோ.”

“அப்போ இத்தனை வருஷமா நான் சாப்பிட்டது?”

“அதை அங்கே சொல்லிடாதீங்கோ. அங்கேயும் என்னை அடுப்படியிலதான் நிறுத்துவா.”

வடாலா ஸ்டேஷன் வரும்வரை கணவர் படிவத்தில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எனக்குச் சமையல்னு போட்டுட்டேன்.”

“உங்களுக்குக் காபிகூடப் போடத் தெரியாதே!”

“கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கே. கத்துக்கொடேன்.”



“நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு எழுந்திருங்கோ. காபி குடிக்க இல்லை, போட.”