உறையாத தயிர்

"தயிர் செத்துப்போச்சு, ராத்தா."

பிள்ளைகளே, கிண்ணியாத் துறையில் தோணி ஏறியதும் இதைக் கேட்டேன். சொன்ன தாயின் மடியில் வயிற்றோட்டத்தில் வாடிய மகன் கிடந்தான்.

"என்னடி கதை இது?" என்றாள் பக்கத்திலிருந்த தமக்கை.

"குளிசையோட தயிரும் குடுக்கச் சொன்னார் டொக்டர். நேத்து இவன் குளிசையைத் துப்பிட்டான். தயிரோட சேர்த்து விழுங்குவானெண்டு, மிச்சம் எல்லாத்தையும் பொடியாக்கி, உறை போட்ட பாலுக்குள்ள கலந்துட்டன்."

"அடியே! கிருமியைக் கொல்ற மருந்து உறையில இருக்கிற நல்ல கிருமியை விட்டுவைக்குமா?"

"விடியப் பார்த்தா தண்ணியாக் கிடந்திச்சு. கொட்டிட்டன்."

"ஆசுபத்திரியில திரும்பவும் குளிசை தருவாங்கள்."

"தருவாங்கள். நேத்துத் துப்பினானெண்டு அடிச்சன், ராத்தா. இண்டைக்குத் துப்பவும் ஏலாமக் கிடக்கிறான்."